அடிக்கடி நின்றுபோகும் அசெம்பிள்டு கணினி: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"கம்ப்யூட்டர் அடிக்கடி ஆஃப் ஆகிறது, எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) மாற்றிவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எப்படி ஆஃப் ஆகிறது என்று திருப்பிக் கேட்பேன். பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று இருண்டுபோகிறதா? அணைந்த கையோடு தானே எழுந்துகொள்கிறதா? படம் உறைந்து, மவுஸ் நகராமல் நிற்கிறதா? விண்டோஸ் முடங்கி, பிழைச் செய்தியோடு நீலத்திரை வருகிறதா? இல்லை, கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிகிறதா? பெரும்பாலும் எதிர்முனையில் மௌனம்தான். "அதைக் கவனிக்கவில்லையே" என்பார்கள்.

அந்தக் கவனிப்புதான் பாதி வேலை. பிராண்டட் கணினி என்றால் பெட்டியோடு தூக்கிப்போய் ஒரே கம்பெனியின் மேசையில் வைத்துவிடலாம். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியதில் மதர்போர்டு ஒருவருடையது, ரேம் இன்னொருவருடையது, கிராபிக்ஸ் கார்டு மூன்றாமவருடையது. ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி, தனி சர்வீஸ் சென்டர். எந்தப் பாகம் கெட்டது என்று நீங்கள் காட்டாதவரை ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

கை வைப்பதற்கு முன்

முதலில் ஒரு டிக்கை எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் பழுதடைந்து நிற்கும்போது, தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நீலத்திரை வந்தும் நம் கண்ணில் படாமல் போகலாம். தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதிக்குள் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை நீக்குங்கள். இனி நீலத்திரை வந்தால் நீங்கள் படம் எடுக்கும்வரை அங்கேயே நிற்கும். (2025-இல் விண்டோஸ் 11 அந்தத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டது. பழக்கத்தால் இங்கே நீலத்திரை என்றே எழுதுகிறேன்.)

அடுத்து ஒரு காகிதம். தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்படி நின்றது. இவ்வளவு போதும். இது பள்ளிக்கூட வேலைபோல் தோன்றும், ஆனால் கீழே ஒரு கதையில் இந்தக் காகிதம்தான் திருடனைப் பிடித்தது.

மூன்றாவது, பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்கு மாற்றுவது. ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ, பிராசஸரைக் குறித்த அளவுக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக், வோல்டேஜ் குறைப்பு, எல்லாம் போகட்டும். "இரண்டு வருடமாக இதே செட்டிங்கில்தான் ஓடியது" என்று வாதாட வேண்டாம். அன்று தாங்கியது இன்று தாங்காமல் போகலாம். கணினி மெதுவாகிவிட்டாலும் ஒரு வாரம் நிற்காமல் ஓடினால், கோளாறின் இருப்பிடம் பாதி தெரிந்துவிட்டது.

பிறகு ஈவென்ட் வியூவர், அதாவது நடந்ததையெல்லாம் விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேடு. 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்' பகுதியில் 'கெர்னல் பவர் 41' என்ற சிவப்புக் குறியைப் பார்த்ததும், பவர் என்று எழுதியிருப்பதால் எஸ்.எம்.பி.எஸ்.தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. 'போன முறை நான் முறையாக மூடப்படவில்லை' என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்புதான் அது. காரணத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்தப் பதிவைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'பக்செக் கோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 என்றிருந்தால் நீலத்திரைக்குக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது: மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது முழுவதுமாக உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அதுதான் நீலத்திரையின் எண். அதே பக்கத்தில் 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' 0-ஆக இல்லாவிட்டால் யாரோ பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்திருக்கிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதையும் பாருங்கள்.

ஒயரைப் பிடுங்கியதுபோல் அணைகிறது

விசிறிகள் உட்பட எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோனால் சந்தேகம் இரண்டின் மேல்தான்: மின்சாரம் அல்லது வெப்பம். இரண்டையும் பிரிக்கக் கருவி வேண்டாம். அணைந்த உடனே பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். பட்டனுக்கு அசையாமல் கிடந்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்துச் சில நொடி கழித்துப் போட்டால்தான் எழுகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்புச் சுற்றால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. மாறாக, உடனே எழுந்து ஓரிரு நிமிடத்தில் மறுபடி அணைந்து, பத்து நிமிடம் ஆறவிட்டால் நெடுநேரம் ஓடுகிறது என்றால் அது வெப்பம்.

வெப்பத்தை முதலில் முடித்துவிடலாம். பயாஸ் திரையிலேயே பிராசஸர் 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். அவற்றில் ஒன்று சற்றே எழும்பியிருப்பது மிகச் சாதாரணம். விரலால் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளை ஜோடியாக அழுத்திப் பூட்ட வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே பூட்டிய கணினிகளை நானே திறந்திருக்கிறேன், அதனால் அதையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸுக்குள் எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பத்தைக் கவனியுங்கள். ஆனால் எண்ணைப் பார்த்ததும் அலற வேண்டாம். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்கள் முழு வேலையில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. பிராசஸர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத்தான் குறைக்கும். அணைவது கடைசிக் கட்டம்.

இனி மின்சாரம். பெட்டியில் 80 பிளஸ் என்ற முத்திரை இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று பொருளில்லை. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று அது. திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 320 வாட் இழுத்தாலும் கண்ணிமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக உறிஞ்சும். ஆர்.டி.எக்ஸ். 3080 போன்ற கார்டுகள் வந்தபோது, கணக்குப்படி போதுமான எஸ்.எம்.பி.எஸ்.களும் இந்தத் துள்ளலில் அணைந்துபோயின. 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, குறித்த வாட்டைப்போல் இருமடங்கு சுமையை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் பின்னணி. எனவே கேம் தொடங்கும் கணத்தில், அல்லது காட்சி மாறும் கணத்தில் அணைந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்யலாம். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து, இரண்டுக்கும் ஒரே ஒயரின் இரட்டை வாலைச் சொருகியிருந்தால், இரண்டு தனித்தனி ஒயர்களாக மாற்றுங்கள். மதர்போர்டின் மேல்மூலையில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எட்டாத இடத்தில் இருப்பதால் அது அரைகுறையாகவே நின்றுவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உபரி மோலெக்ஸ் முனையில் (நான்கு ஒயர் கொண்ட பழைய பாணி இணைப்பு) மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே அளக்கலாம். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11.4 முதல் 12.6 வரை ஏற்றுக்கொள்ளத்தக்கது. கேம் ஓடும்போது அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது எல்லா எஸ்.எம்.பி.எஸ்.ஸும் யோக்கியம்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

இப்போது அந்தக் காகிதக் கதை. அக்கா மகன் ஒரு கணினி பூட்டியிருந்தான். விளையாடும்போது அணைந்துகொண்டே இருந்தது. அவன் காத்திருக்கவில்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதிதாக வாங்கி மாற்றினான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், "மாமா, மறுபடியும் போய்விட்டது" என்று போன். போய் உட்கார்ந்து ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் இருந்த மணிகள்: 6.50, 7.05, 6.55, 7.00. காலையில், நண்பகலில், நள்ளிரவில் ஒன்றுகூட இல்லை. கணினிக்கு எப்படித் தெரியும் மணி ஏழு என்று?

மறுநாள் மாலை விளக்கை அணைத்துவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, மேசைக்கடியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் விளையாடிக்கொண்டிருந்தான். ஏழு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். குழாயில் உறுமல் வருவதற்கு முன்பே யு.பி.எஸ்.ஸுக்குள் 'டிக்' என்று ஒரு ரிலே சத்தம். அடுத்த நொடி திரை இருண்டது. மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் தாழ்கிறது, யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறுகிறது, மூன்று வருடப் பேட்டரி அந்தச் சுமையைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகிறது. 600 வி.ஏ. என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். அது வாட் அல்ல. அந்த அளவு யு.பி.எஸ். தரக்கூடியது பொதுவாக 360 வாட்தான். அவன் கணினி மானிட்டரோடு சேர்த்து ஏறத்தாழ அதையே இழுத்துக்கொண்டிருந்தது. யு.பி.எஸ்.ஸை விலக்கி நேராகச் சுவரில் சொருகி மூன்று மாலை ஓட்டினோம், ஒருமுறைகூட அணையவில்லை. பெரிய யு.பி.எஸ். வாங்கினான்.

ஆகவே திடீரென அணையும் எந்தக் கணினியிலும் என் முதல் சோதனை இப்போது இதுதான்: யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி, வேறொரு அறையின் சாக்கெட்டில் நேராகச் சொருகி ஓட்டுவது. செலவில்லாத சோதனை. சில யு.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது சீரான அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு அலையைத் தரும். நவீன எஸ்.எம்.பி.எஸ்.களில் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீலத்திரை, ஒவ்வொரு முறையும் வேறு பெயர்

இன்று 'மெமரி மேனேஜ்மென்ட்', நாளை 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்குவல்', மறுநாள் 'பேஜ் ஃபால்ட்' என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ரேம். பக்செக் கோட் வரியில் இவை முறையே 26, 10, 80 என்று தெரியும். துணை அறிகுறிகளும் உண்டு. பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் கோப்பு பழுது என்கிறது, அதையே மறுபடி பிரித்தால் பிரிகிறது. பிரவுசரின் டேப்கள் காரணமில்லாமல் சாகின்றன. விண்டோஸையே புதிதாகப் போட முயன்றால் பாதியில் நிற்கிறது. நினைவகம் பொய் சொன்னால் எல்லோரும் அவரவர் வழியில் தடுக்கி விழுவார்கள், பெயர் மாறுவது அதனால்தான்.

எக்ஸ்.எம்.பி.யை அணைக்கச் சொன்னதன் காரணத்தை இங்கே விளக்க வேண்டும். '3200' என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேமை வாங்கிச் சொருகினால் பெரும்பாலும் அது 2133, 2400 அல்லது 2666 வேகத்தில்தான் எழும். எக்ஸ்.எம்.பி.யைப் போட்டதும் வோல்டேஜ் 1.2-இலிருந்து 1.35-க்கு உயர்ந்து, அச்சிட்ட வேகம் வருகிறது. இது முறைப்படி ஓவர்கிளாக்தான். ரேம் தாங்கும் என்பதற்கு ரேம் கம்பெனி பொறுப்பு. உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எக்ஸ்.எம்.பி. இல்லாமல் நீலத்திரை வருவது நின்றுவிட்டால் ரேம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒருபடி குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டு ஓட்டலாம், வேறுபாடு கேமில்கூடச் சட்டென்று தெரியாது.

வேகத்தைக் குறைத்தும் நீலத்திரை வருவது நிற்கவில்லை என்றால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86. பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியை எழுப்பி, இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. விண்டோஸோடு வரும் மெமரி சோதனையில் தேறியதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை, பல கோளாறுகளை அது கோட்டைவிடுகிறது.

பிழை வந்தால் எல்லா ரேமையும் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்தது. ஒரு ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை தந்தால் ரேம் கெட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட் பிழை தந்தால் மதர்போர்டு, அல்லது பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் வளைந்த பின். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம்களைப் போடுவதாக இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். அவசரத்தில் முதல் இரண்டில் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் உண்டு. பழைய ஜோடியோடு புதிதாக ஒரு ஜோடி சேர்த்ததிலிருந்து தொல்லை என்றால் அந்தச் சேர்க்கையே காரணமாக இருக்கலாம். ரைசன் 7000-இல் இரண்டு ரேமுக்கு ஏ.எம்.டி. சொல்லும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600 என்று இறங்குகிறது. நான்கு ரேம் என்பது அவ்வளவு பெரிய சுமை.

ரப்பர் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. ரேமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் தேய்த்துச் சொருகினால் கணினி பிழைத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடற்கரை ஊர்களில், உப்புக்காற்றில், அந்த விளிம்பு மங்கிப்போவது உண்மை. ஆனால் பாதி நேரம் குணமாக்கியது ரப்பர் அல்ல, கழற்றி மறுபடி அழுத்திச் சொருகியது என்பது என் எண்ணம். எனவே முதலில் கழற்றிச் சொருகிப் பாருங்கள். தேய்ப்பதானால் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்து, ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழாமல் துடைத்துவிடுங்கள். பூட்டும்போது இருபக்கமும் 'க்ளிக்' கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடி உள்ள போர்டுகளில் பிடியில்லாத பக்கம்தான் ஏமாற்றும்.

நீலத்திரை, ஒவ்வொரு முறையும் அதே பெயர்

பெயர் மாறாமல் ஒன்றே வந்து, அதனடியில் ஒரு கோப்பின் பெயரும் தெரிந்தால் அது பெரும்பாலும் டிரைவர், அதாவது ஒரு பாகத்தையோ மென்பொருளையோ விண்டோஸின் உள்ளோடு இணைக்கும் நிரல். நல்ல செய்தி. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு கோப்பு சேர்ந்திருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற சிறு மென்பொருள் அவற்றைப் பட்டியலாகக் காட்டிவிடும். வைஃபை, ஆன்டிவைரஸ், வி.பி.என்., விளக்கு எரியவைக்கும் ஆர்.ஜி.பி. மென்பொருள், கேம்களின் மோசடித் தடுப்பு மென்பொருள், இவையெல்லாம் விண்டோஸின் அடிவயிற்றில் டிரைவர் போட்டு உட்கார்ந்திருப்பவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான கோப்பு, மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. அவற்றின் ரேமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நன்றாகத்தான் இருந்தன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 'வியா (WHEA) அன்கரெக்டபிள் எரர்', அதாவது பக்செக் கோட் 292. இது வன்பொருளே விண்டோஸிடம் 'என்னால் முடியவில்லை' என்று சொல்வது. ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' பதிவுகளைத் தேடுங்கள். 18 என்ற எண்ணுள்ள பதிவில் பிராசஸரின் எந்தக் கோரில் (கணக்கிடும் பிரிவில்) பிழை நேர்ந்தது என்பதற்கான ஏ.பி.ஐ.சி. எண் இருக்கும். பயாஸ் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால், அந்த ஒரு கோர் பலவீனம். அந்தப் பதிவுகளைப் படம் எடுத்து வாரண்டிக்குப் போகலாம்.

உங்களிடம் இருப்பது இன்டெல்லின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸராக, அதிலும் கே என்று முடியும் ஐ7, ஐ9 ஆக இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கானது. அளவுக்கு மீறிய வோல்டேஜால் இந்தப் பிராசஸர்கள் நாளடைவில் நிலைகுலைகின்றன என்பதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகச் சேரும் திருத்திய மைக்ரோகோடு (பிராசஸரின் உள்கட்டளைகள்) வந்தது, பெட்டியில் விற்ற பிராசஸர்களின் வாரண்டி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது. இதன் அறிகுறி வேடிக்கையானது: கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை வரும், எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத் திட்டுவார்கள். பயாஸைப் புதுப்பித்தால் மேற்கொண்டு சேதம் வருவதைத் தடுக்கலாம், வந்துவிட்ட சேதம் ஆறாது. அதற்குப் பிராசஸரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேம் விளையாடும்போது மட்டும்

திரை ஒரு கணம் கறுத்து, திரும்ப வந்து, கேம் மூடியிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் மூர்ச்சையாகித் தெளிந்திருக்கிறது. கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை உலுக்கி எழுப்பப் பார்க்கும், முடியாவிட்டால் நீலத்திரை (கோட் 278). டிரைவரை முழுவதுமாகத் துடைத்துப் புதிதாகப் போடுவதுதான் முதல் படி. சேஃப் மோடில் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' இதைச் சுத்தமாகச் செய்யும். மிகப் புதிய டிரைவருக்குப் பிறகுதான் தொல்லை என்றால் இரண்டு பதிப்பு பின்னால் போங்கள்.

டிரைவர் சரி என்றால் கார்டைக் கழற்றிச் சொருகுங்கள். கனமான கார்டுகள் ஒருபக்கம் தொங்கி ஸ்லாட்டை விட்டு எழும்பும். கார்டைச் செங்குத்தாக நிறுத்த நாடாபோன்ற ரைசர் ஒயர் போட்டிருந்தால் அதை விலக்கிவிட்டுச் சோதியுங்கள், அல்லது பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) வேகத்துக்கு இறக்குங்கள். பழைய ரைசர் ஒயர்கள் ஜென் 4 வேகத்தைத் தாங்குவதில்லை. ஆர்.டி.எக்ஸ். 40 வரிசையின் சிறிய மின் இணைப்பு கடைசி மில்லிமீட்டர்வரை உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்த புதிதில் அரைகுறையாகச் சொருகிய இணைப்புகள் உருகியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம்.

பிராசஸரா கார்டா என்று தெரியாவிட்டால் தனித்தனியே வேலை வாங்குங்கள். பிரைம்95 பிராசஸரை மட்டும் பிழியும், ஃபர்மார்க் கார்டை மட்டும். இரண்டும் தனித்தனியே அரைமணி தாங்கி, சேர்த்து ஓட்டினால் மட்டும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் திரும்புங்கள்.

சும்மா இருக்கும்போது நின்றுவிடுகிறது

மணிக்கணக்கில் கேம் ஓடும், டீ குடித்துவிட்டு வந்தால் கணினி செத்துக்கிடக்கும். எதிர்மாறாகத் தோன்றினாலும் காரணம் உண்டு. வேலையில்லாதபோது பிராசஸர் ஏறக்குறைய மின்சாரமே இழுக்காமல் உறங்கப் போகும். 2013-இன் இன்டெல் ஹாஸ்வெல் காலத்திலிருந்தே பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் அந்தத் துளி மின்சாரத்தைத் தரத் திணறியிருக்கின்றன. ரைசன் போர்டுகளின் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்று ஒன்று இருக்கும். அதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். 'கர்வ் ஆப்டிமைசர்' வைத்து வோல்டேஜைக் குறைத்தவர்களுக்கும் இதே அறிகுறிதான் வரும். முழுச் சுமையில் தேறிவிட்டு, லேசான வேலையில் தவறும்.

உறைந்து நிற்கிறது, பிறகு டிஸ்க் காணவில்லை

மவுஸ் நகர்கிறது, எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, சற்று நேரத்தில் எல்லாம் நிற்கிறது. நீலத்திரை வந்தாலும் சதவீதம் 0-இலேயே நிற்கிறது, மினிடம்ப் கோப்பும் விழுவதில்லை. எழுதிவைக்க வேண்டிய இடமே காணாமல் போனால் எங்கே எழுதும்? ரீஸ்டார்ட் செய்தால் பயாஸில் எஸ்.எஸ்.டி. தெரியாது, முழுவதும் அணைத்துப் போட்டால் தெரியும். இந்த நடத்தை எஸ்.எஸ்.டி.யையே சுட்டுகிறது.

வேறு எதையும் செய்வதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளியே நகலெடுங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறவுங்கள். ஒயரில் இணையும் சாட்டா டிஸ்கில் 05 என்ற வரியின் எண்ணிக்கை (கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள்) ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்கின் ஆயுள் முடிகிறது. அதே வகை டிஸ்கில் C7 (199) என்ற வரியான சி.ஆர்.சி. எரர் மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, ஒயர் கெட்டது. சாட்டா ஒயரை மாற்றினால் தீரும், மொத்தப் பழுதுபார்ப்பிலேயே மலிவான முடிவு இதுதான். ஒயரில்லாமல் மதர்போர்டிலேயே படுக்கும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அதைப் பிடிக்கும் குட்டி ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன் செய்ததும் அணைகிறது, தட்டினால் எழுகிறது

மேசையை இடித்தாலோ, கேபினட்டை நகர்த்தினாலோ நிலை மாறினால் எங்கோ உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. மதர்போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளைத் தாங்குகால்களில் ஒன்று, துளையில்லாத இடத்தில் கூடுதலாக இருந்து போர்டின் முதுகில் குத்திக்கொண்டிருக்கலாம். போர்டைக் கழற்றி, அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் இணைத்துச் சோதிப்பதுதான் வழி. பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும். பவர் பட்டனின் இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும்.

இதைச் செய்வதற்கு முன் இன்னும் எளிதாக ஒன்று உண்டு. கேபினட்டின் முன்பக்க ரீசெட் பட்டனிலிருந்து வரும் சிறு ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். தூசியும் வியர்வையும் சேர்ந்து உள்ளே ஒட்டிக்கொண்ட ரீசெட் பட்டன், நினைத்தபோதெல்லாம் கணினியை ரீஸ்டார்ட் செய்ததை ஒருமுறை பார்த்தேன். அதற்குள் அவர்கள் விண்டோஸை மூன்றுமுறை மாற்றிப் போட்டிருந்தார்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிச் சுற்று கசியவிடும் சிறு மின்சாரம் போக இடமில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. யு.எஸ்.பி. சாதனங்கள் தானே அறுந்து சேர்வதும் இதன் கூட்டாளியாக வரலாம். கணினியைத் திறக்க வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பாகத்தை மாற்றிப்போட்டுப் பார்ப்பது

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் தெரிந்தவர் கணினியிலிருந்து ஒரு பாகம் கடன் வாங்கி மாற்றிப்போடுவதுதான் மிச்சம். ஒரு நேரத்தில் ஒன்று, முன்பு நின்றுபோன இடைவெளியைப்போல் மூன்று மடங்கு நேரம் ஓடும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை நிற்கும் கணினி இரண்டு நாள் நன்றாக ஓடியது எதையும் நிரூபிக்கவில்லை. அக்கா மகன் ஏமாந்ததும் இங்கேதான். வாரண்டிக்கு அனுப்பும்போது சீரியல் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மதர்போர்டை அனுப்பினால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைப் பூட்டி அனுப்புங்கள். பின் வளைந்து போய்ச்சேர்ந்தால் உங்கள் தலையில்தான் விழும்.

அவன் அன்று அவசரப்பட்டுக் கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ். இப்போது என் அலமாரியில் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் அதைத்தான் சோதனைக்கு எடுத்துப் போகிறேன். அதன் ஒயர்களையும் சேர்த்தே எடுத்துப் போவேன். கழற்றக்கூடிய ஒயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றின் ஒயரை இன்னொன்றில் சொருகினால் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் அத்தனையும் புகைந்துவிடும்.